எனக்கு மட்டும் கேட்ட கிடார்

1

இனிமேல் என்னை யாரும் கிடார் வாசிக்கிறவன் என்று அறிமுகப்படுத்த வேண்டாம். போன வருஷம் தென்காசியில் எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்களுக்கும், ‘லண்டன்காரர் அசத்திட்டாரு’ என்று குடும்பக் குழுவில் எழுதிய சித்தப்பா மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இருப்பது லண்டனும் இல்லை. அதற்கு வடக்கே, ரயிலில் போகிற தூரத்தில், டார்பி. இதையும் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் காதில் வாங்கியதில்லை.

இந்த வருஷப் பண்டிகை அடுத்த மாதம். அதை முன்னிட்டுச் சபை வாலிபர்கள் போன வருஷத்து ஆராதனையின் முழு வீடியோவையும் இணையத்தில் போட்டுவிட்டார்கள். போன சனிக்கிழமை அதை என் வீட்டு டிவியில் பார்த்தேன். தனியாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஆட்களைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, சோபாவில் உட்கார வைத்துப் பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் குறையுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

தென்காசியில் நான் மருந்துக் கம்பெனி ரெப். டை கட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, செங்கோட்டை, இலத்தூர், ராயகிரி வரைக்கும் பைக்கில் போய் டாக்டர்கள் வாசலில் நிற்பேன். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருந்தார்கள். என் மனைவி மெர்சிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் வேலைக்கு வந்தாள், நான் அவளுடைய புருஷனாக வந்தேன். விசாவில் என் பெயருக்கு நேரே, இவன் அவளை நம்பி வந்தவன் என்று அர்த்தமாகிற ஒரு வார்த்தை இருக்கும். புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கவுண்டரில் இருக்கிற பெண் எல்லாக் கேள்வியையும் மெர்சியிடம்தான் கேட்பாள். எனக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கைரேகை மட்டும் என்னுடையதை வாங்கிக்கொள்வார்கள்.

நான் ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறேன். வந்த புதிதில், ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது நம் ஊர் வழக்கப்படி ‘போயிட்டு வாறேன்’ என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் நான் திரும்பி வருவேன் என்று கதவைப் பூட்டாமல் காத்திருந்தாராம். மறுநாள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தமிழ் ஐக்கியம் கூடும். இங்குள்ள சபை ஒன்றின் பின்கட்டு ஹாலை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நாலரை மணிக்கு அதே ஹாலில் உடற்பயிற்சி நடனம், அதற்கு வருகிற பெண்கள் கையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் வந்து நிற்பார்கள், நாங்கள் ஆசீர்வாதத்தை அவசரமாக முடித்து நாற்காலியை மடக்குவோம். நாற்பது பேர் வருவோம். நாகர்கோவில், திருநெல்வேலி, சென்னை, யாழ்ப்பாணம் என்று எல்லாரும் கலந்த கூட்டம். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரரான தங்கராஜ் அண்ணாச்சிதான் நடத்துகிறவர். கீபோர்டு வாசித்த மாணவன் வேலை கிடைத்து வேறு ஊர் போனபோது அவர் எழுந்து நின்று, “யாராவது ஒரு வாத்தியம் படிச்சுக்கிடுங்களேன், செல்போனைப் போட்டுப் பாடுதது நல்லாவா இருக்கு?” என்றார். நான் கையைத் தூக்கினேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

ஆண்டவருக்காகத் தூக்கினேன் என்று அன்றைக்குச் சாட்சி சொன்னேன். ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் டாக்டர், கம்ப்யூட்டர்காரர்கள். என்னை ‘மெர்சி ஹஸ்பண்ட்’ என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர் மாறினால் போதும் என்றுதான் கை தன்னால் மேலே போனது. ஆண்டவருக்கும் இது தெரிந்திருக்கும்.

பழைய கிடார் ஒன்று வாங்கினேன். பெட்டி தூக்கித் தடித்துப்போன விரல், கம்பியில் படிய மாட்டேன் என்றது. நுனியெல்லாம் கொப்புளம். ஷாரன், என் மகள், பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கிடார் படித்து நிறுத்தியவள், அவள்தான் சுருதி சேர்த்துத் தருவாள். ஏழு வயதில் இங்கே வந்தாள், இப்போது பதினாறு. தமிழ் புரியும், பேசுவாள், எழுத்து தெரியாது. கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற கார்டுகளில் எனக்கு நாலு பிடிபட்டது. ஜி, சி, டி, இ மைனர். பாட்டு வரிகளுக்கு மேலே எந்த இடத்தில் எந்தக் கார்டு என்று எழுதி வைத்துக்கொண்டு, பேப்பரைப் பார்த்துப் பார்த்து வாசிப்பேன். “டாடி, பேப்பரைப் பாக்காதீங்க. பாடுறவங்களைக் கேளுங்க,” என்று ஷாரன் ஒருமுறை சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ முதலில் ஆராதனைக்கு ஒழுங்காக வா, அப்புறம் எனக்குப் பாடம் எடு என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகும் சுருதி மட்டும் சேர்த்துத் தந்தாள்.

3

என் அம்மா எஸ்தர் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் கால் போட்ட காலத்து ஆட்களுக்கு அவளுடைய முகம் தெரியாது, குரல் தெரியும். ஜவுளிக்கடையில் “அந்தப் பச்சையைக் காட்டுங்க” என்றால் போதும், பின்னால் நிற்கிற யாராவது, “நீங்க எக்ஸ்சேஞ்ச் டீச்சர்லா?” என்பார்கள். அவள் டீச்சர் இல்லை. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு மரியாதை. கோயிலில் கீர்த்தனை பாடும்போதும் பெண்கள் பக்கம் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சேருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கழுத்தில் கட்டி. திருநெல்வேலியில் ஆபரேஷன். குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது, எதுவும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். முடிந்து வந்த பிறகு போன் போட்டால் காற்றுத்தான் வரும். பக்கத்துத் தெருவில் இருக்கிற என் தங்கை கிரேஸ் போனை வாங்கி, “அம்மா சாப்பிட்டாங்களாம், நீ சாப்பிட்டியான்னு கேக்காங்க” என்று மொழிபெயர்ப்பாள். நான் குடோன் கழிவறையில் நின்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்று மாதம் கழித்துக் குரல் வந்தது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. வந்த உடனே அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “ஏலே ஜெபா, குரல் திரும்புனா பண்டிகையில தனியா நின்னு பாடுதேன்னு பொருத்தன பண்ணிருக்கேன். நீ வந்து வாசிக்கணும்.”

அதற்கு முன்னால் நான் ஒரே ஒரு பாட்டை ஆறு மாதம் பழகி, வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் அதைக் கோயிலில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். அம்மா, எனக்கு நாலு கார்டுதான் தெரியும், கீர்த்தனைக்கெல்லாம் நம்மால் ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “வாறேம்மா,” என்றேன்.

4

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி கிடார் பெட்டியைப் பார்த்து, “புதியதா?” என்று மலையாளத்தில் கேட்டார். உபயோகித்தது சார், கோயிலில் வாசிக்கிறேன் என்றேன். நம்பவில்லை. வாசித்துக் காட்டு என்றார். பெட்டியைத் திறந்து ஜி கார்டில் நாலு தட்டு தட்டினேன். “மதி, மதி,” என்று கையைக் காட்டிவிட்டார். போதும், போதும். ஷாரன் விழுந்து விழுந்து சிரித்தாள். செங்கோட்டை வருகிற வரைக்கும் காரில் மதி மதி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெர்சியும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒத்திகை. அம்மா தேர்ந்தெடுத்தது ஒரு பழைய கீர்த்தனை. அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாடுகிறது. இந்த மாதிரிக் கீர்த்தனைகளை எங்கள் சபையில் பாடுகிற விதம் எல்லாருக்கும் தெரியும். சரணம் முடிந்து பல்லவிக்கு வரும்போது ஒரு அடி மனதைத் தொட்டால் அந்த அடியையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். எத்தனை தடவை என்று கணக்கு இல்லை. பாடுகிறவர்களுக்குப் போதும் என்று தோன்றினால் பல்லவிக்குத் திரும்புவார்கள், வாத்தியக்காரர் கூடவே திரும்புவார். எங்கள் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஐசக் அண்ணன் பாடுகிறவர் வாயைப் பார்த்தே வாசிக்கிற ஆள்.

எனக்கு அது எப்படி ஒத்துவரும்? என் பேப்பரில் ஒவ்வொரு வரிக்கும் கார்டு எழுதியிருக்கிறது. ஒரு வரி கூடினால் நான் காலி. அதனால் அம்மாவைத் திருத்தினேன். செல்போனில் தாளம் தட்டுகிற செயலியை டக் டக் என்று ஓட விட்டு, “இழுக்காதீங்கம்மா. எண்ணிப் பாடுங்க. இந்த அடி ரெண்டு தடவைதான். மூணாவது போகாதீங்க,” என்றேன். எழுபத்தொரு வயது. அந்தப் பாட்டைப் பாடியே என்னைத் தூங்கப் போட்டவள். கையைத் தொடையில் தட்டி, உதட்டுக்குள் எண்ணி எண்ணிப் பாடினாள். இடையில் இருமல் வந்தால், தாளம் விட்டுப்போச்சு, முதலிலிருந்து என்பேன்.

“செரிலே,” என்பாள். “இப்ப சரியா?”

“இன்னும் கொஞ்சம் வேகம் கூடுது.”

மெர்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏங்க, அவங்க தொண்டை ஆபரேஷன் பண்ணவங்க,” என்றாள். நான் அவளை முறைத்தேன். ஷாரன் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

பண்டிகை அன்று கோயில் நிறைந்துவிட்டது. வெளியே பந்தல், பந்தலுக்கு அப்பால் அசன விருந்துக்கு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மைக்செட் காதர் பாயுடையது. எங்கள் பண்டிகை, அம்மன் கோயில் கொடை, பள்ளிவாசல் கந்தூரி எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆண்கள் பக்கம் கடைசித் தூண் ஓரமாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாரன் அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கிடாரில் வயரைச் செருகித் தந்தது ஐசக் அண்ணன். “தம்பி, நான் சும்மா பின்னால லேசா புடிச்சுக்கிடட்டா?” என்று கேட்டார். “மெதுவா வாசிங்கண்ணே, ரெண்டும் மோதக்கூடாது,” என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

அம்மா வெள்ளைச் சேலையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பல்லவி நன்றாகத்தான் போனது. எண்ணித்தான் பாடினாள். முதல் சரணமும் சரி. அந்த அடி வந்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. நான் அடுத்த கார்டுக்குப் போய்விட்டேன். அவள் போகவில்லை. மூன்றாவது தடவை பாடினாள். கண்ணை மூடியிருந்தாள். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாலாவது.

நான் விட்டுக் கொடுத்திருக்கலாம். கையை எடுத்துவிட்டு, அவள் பல்லவிக்கு வரும்போது சேர்ந்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தும் அம்மா மறந்துவிட்டாள், எல்லாரும் என்னைத்தான் தப்பு என்று நினைப்பார்கள். அவளைத் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு வர ஓங்கி ஓங்கி அடித்தேன். காலைத் தரையில் தட்டினேன். அவள் குரல் ஒரு இடத்தில் தடுமாறியது.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் சரணத்திலிருந்து பாட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. என் கிடார் என் மடியில் கணீரென்று கேட்டது. அம்மா என் வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. முடிந்ததும் சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அசனப் பந்தியில் ஆளாளுக்கு வந்து கையைக் கொடுத்தார்கள். “லண்டன்காரரு நல்லா வாசிச்சீய,” என்றார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, எந்த வயதிலும் படிக்கலாம், விடாமுயற்சிதான் வேண்டும் என்று வாலிபர்களுக்குப் பிரசங்கம் பண்ணினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஐசக் அண்ணனைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் டைமிங் பாக்கணும்,” என்று வேறு சொன்னேன்.

“செரி தம்பி,” என்றார் அவர். ரசம் வந்தது, இலையைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “எப்படிம்மா?” என்று கேட்டேன். சேலையை மடித்துக்கொண்டே, “நல்லா இருந்துச்சுலே. என் பொருத்தன தீந்துச்சு,” என்றாள்.

6

மறுநாள் குற்றாலம். சீசன் கூட்டம் தாங்காமல் பழைய குற்றாலத்துக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நானும் கிரேஸ் புருஷனும் அருவிக்குக் கீழே நின்றோம். மெர்சி பெண்கள் வரிசையில். ஷாரன் குளிக்க வரவில்லை. செருப்புகளுக்குக் காவலாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு அவளிடம் போனேன். மிளகாய் பஜ்ஜியை நீட்டினேன். அவள் வாங்காமல், “டாடி, நேத்து உங்களுக்கு உங்க சத்தம் கேட்டுச்சா?” என்றாள்.

“நல்லா கேட்டுச்சே,” என்றேன். “ஏன், உனக்குக் கேக்கலையா?”

“நான் காதர் அங்கிள் பக்கத்துல இருந்தேன்,” என்றாள். மிக்சர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமே என்று நான் சந்தோஷப்பட்டேன். பஜ்ஜி ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.

இங்கே திரும்பிய பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது மேலும் குறைந்தது. பரீட்சை, தோழி வீடு, வயிற்று வலி. வளர்ந்த பிள்ளை, இந்த நாட்டுக் காற்று, நம் கையில் என்ன இருக்கிறது என்று தங்கராஜ் அண்ணாச்சியிடம் புலம்பினேன். அவரும் தன் பையனைப் பற்றிப் புலம்பினார். என் செல்போனில் சித்தப்பா மகன் அனுப்பிய ஒரு நிமிஷத் துண்டு இருந்தது. பல்லவி மட்டும். அதை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

7

முழு வீடியோ வந்திருக்கிறது என்று கிரேஸ் சொன்ன உடனே அண்ணாச்சி குடும்பத்தைச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ஷாரனையும் இருக்கச் சொன்னேன். “நான் வேண்டாமே டாடி,” என்றாள். இரு, ஆச்சி பாடுறதைப் பார் என்றேன். டிவியில் போட்டு, சத்தத்தைக் கூட்டினேன்.

சத்தம் நேரே மிக்சரிலிருந்து எடுத்தது. துல்லியமாக இருந்தது. பல்லவியில் என் கிடார், முதல் சரணத்தில் என் கிடார். அந்த அடியில் நான் அடித்த அடியைக் கேட்டதும் அண்ணாச்சியின் மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அம்மா பாடுகிறாள், அதன் மேல் யாரோ தகரத்தைத் தட்டுகிற மாதிரி நான். அப்போதுதான் அதைப் பார்த்தேன். அம்மா கண்ணைத் திறந்தாள். பாட்டை நிறுத்தவில்லை. இடுப்பளவில் இருந்த வலது கையைக் கடைசித் தூண் பக்கமாக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதே என்று காட்டுகிற மாதிரி.

என் கிடார் போய்விட்டது. இருக்கிறேன், தெரிகிறேன், தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. ஐசக் அண்ணனின் கீபோர்டு அம்மாவின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தது. அவள் அந்த அடியை ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை பாடினாள். கரகரப்பு போய், எக்ஸ்சேஞ்ச் குரல் வந்தது. சபை சேர்ந்துகொண்டது. பேப்பரில் வைத்த கண்ணை எடுக்காமல் நான் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன், முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினேன். மெர்சி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் பார்த்தோம். அண்ணாச்சி தண்ணீர் குடித்துவிட்டு, “ஒங்க அம்மாவுக்கு என்ன குரல், தம்பி,” என்றார். ஷாரன் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அவளுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். குற்றாலத்தில் அவள் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள், நான் பஜ்ஜியைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

8

மறுநாள் காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே மதியம். சாப்பிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, போன வருசம் நீங்க பாடும்போது காதர் பாய்க்குக் கையக் காட்டுனீங்களா?”

எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், லைனில் சும்மா இருக்க மாட்டாள். அன்றைக்கு இருந்தாள்.

“ஆமாலே. நாந்தான் காட்டுனேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா.”

“என்னன்னு சொல்ல? அம்புட்டு தூரத்துலேர்ந்து பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்க. எல்லாரும் ஒன்னய மெச்சுதாங்க. நானே போயி கெடுக்கவா?”

“எம்மேல கோவமாம்மா?”

“கோவம் என்னத்துக்கு? எனக்குப் பயம்லே. இந்தக் குரலு இன்னும் எத்தன நாளைக்கோ. அன்னைக்கு விட்டுட்டா இனி எங்கன பாட? நீ கொஞ்சம் கைய எடுத்திருந்தா நான் கையத் தூக்கியிருக்க வேண்டாம்லா.” பிறகு ஷாரன் எப்படி இருக்கிறாள், மெர்சிக்கு நைட் டியூட்டியா என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. வைக்கப் போகும்போது, “இந்த வருசம் லீவு கெடச்சா வா. சும்மா வா,” என்றாள்.

அன்று மதியம் ஆராதனைக்குப் போகவே பிடிக்கவில்லை. மெர்சி விடவில்லை. ஆச்சரியமாக ஷாரனும் வந்தாள், கேட்காமலே காரில் ஏறி உட்கார்ந்தாள். முதல் பாட்டு. எங்கள் ஐக்கியத்தில் பாட்டு எப்போதுமே மெதுவாகத்தான் போகும். பல ஊர்க்காரர்கள், வயதானவர்கள், அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் பேப்பரை விட்டுவிட்டு நிமிர்ந்து முகங்களைப் பார்த்தேன். வரி முடிகிற இடத்தில் நாற்பது பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் விரல் அடுத்த கார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த வரியைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியம்மா ஒருவர் மூச்சு போதாமல் நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். நாலு வருஷமாக இது நடந்திருக்கிறது.

கையை எடுத்துவிட்டேன்.

ஒரு வரி தயங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தங்கராஜ் அண்ணாச்சி கையைத் தட்ட ஆரம்பித்தார், பாட்டு கிளம்பிவிட்டது. அவ்வளவு வேகமான பாட்டு என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் ஷாரன் பாடுவது கேட்டது, வார்த்தைகளைக் கொஞ்சம் கடித்து, ஆனால் சுருதி பிசகாமல். கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நாற்காலி மடக்கும்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். முந்தின நாள் என் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். நாலு பேர் காதில் விழும்படி, “என்ன தம்பி, கம்பி அறுந்துட்டோ?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி,” என்றேன்.

“அதுக்கென்ன, மெதுவா மாத்திக்கிடலாம். அவசரமில்ல,” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஷாரன் கிடாரை வாங்கி, ஆறு கம்பியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். காரில் ஏறி, பெல்ட் போட்டு, மெர்சி வண்டியை எடுத்த பிறகுதான் பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

“எந்தக் கம்பி டாடி?”

வீடு வருகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.